இன்ஜெக்டரைக் கழற்றும் முன்: டீசல் பிக்கப் வைத்திருக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்த பிறகுதான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. லோடோடு மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம். இதில் எதைச் சொன்னாலும் பட்டறையில் முதலில் வரும் பதில், “இன்ஜெக்டர் போயிடுச்சு” என்பதுதான்.

இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம். சில நேரம் அந்தப் பதில் சரியாகவே இருக்கும். ஆனால் இதே தொல்லைகளை அடைத்துப்போன டீசல் ஃபில்டரும் கொடுக்கும், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் கிழிந்த ஹோஸும் கொடுக்கும், உப்புக் காற்றில் பச்சை பூத்த ஒரு கப்ளரும், அதாவது ஒயரை மாட்டும் இணைப்பும், கொடுக்கும். ஒரு இன்ஜெக்டர் பல ஆயிரம் ரூபாய். நாலையும் மாற்றிவிட்டு, அப்புறமும் அதே நடுக்கத்தோடு வண்டியை எடுத்துப்போன ஓட்டுநர்களை இங்கே வடசென்னையில், தண்டையார்பேட்டையிலும் மணலியிலும் பார்க்கலாம். மாத்தவணை கட்டிக்கொண்டே வண்டி ஓட்டுபவருக்கு அது சின்ன அடி இல்லை. அதனால் இங்கே சொல்லப்போவது ஒரு வரிசை: செலவில்லாத சோதனை முதலில், இன்ஜெக்டரைக் கழற்றுவது கடைசியில். போலேரோ பிக்கப், தோஸ்த், குட்டி யானை என்று செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்ட ஆரம்பித்தவர்களையும், பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை

பழைய டீசல் எஞ்சின்களில் பம்பே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலைத் தள்ளும். இன்ஜெக்டர் வெறும் ஸ்பிரிங் வைத்த நாசில், அதாவது டீசலைத் தெளிக்கும் மூக்கு. மேலே ஒயர் எதுவும் இருக்காது. காமன் ரெயில் வண்டிகளில் பம்ப் டீசலை ஒரு தடித்த குழாயில், அதாவது ரெயிலில், அழுத்தி வைக்கும். ஈசியு என்ற கம்ப்யூட்டர் சொல்லும்போது இன்ஜெக்டர் திறக்கும். இன்ஜெக்டரின் தலையில் ஒயர் கப்ளர் இருந்தால் உங்களுடையது காமன் ரெயில் என்று வைத்துக்கொள்ளலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு விற்ற டீசல் பிக்கப்கள் எல்லாம் இந்த வகைதான்.

ஐட்லிங்கில் ரெயிலில் சுமார் 300 பார் அழுத்தம் இருக்கும். முழு லோடில் பல வண்டிகளில் 1,600 பார் வரை ஏறும். பிக்கப் டயரில் நாம் அடிக்கும் காற்று 4 பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அளவு புரியும். நாசில் நுனியில் இருக்கும் ஓட்டைகள் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். இத்தனை நுணுக்கமான பொருளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரோ கண்ணுக்குத் தெரியாத தூசியோ போனால் போதும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வந்த டீசல் முழுவதையும் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள் தெளிப்பதில்லை. கொஞ்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் அளவு பின்னால் நமக்குப் பெரிய சாட்சி.

கை வைக்கும் முன்

பழைய பம்ப் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் மிஸ் ஆகிறது என்று கண்டுபிடிப்பார்கள். அது அந்த வண்டிகளுக்கான முறை. காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். யாராவது பழக்கதோஷத்தில் ஸ்பேனரை எடுத்தாலும் தடுத்துவிடுங்கள்.

காரணம் இதுதான்: அந்த அழுத்தத்தில் கசியும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை சில மணி நேரத்தில் கெட்டுப்போகத் தொடங்கும்; விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அப்படி டீசல் கையில் ஏறிவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. “அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது” என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சின்னக் காயம் என்று நினைக்க இடமுண்டு.

எஞ்சினை நிறுத்தியதும் அழுத்தம் உடனே இறங்கிவிடும் என்றும் நம்ப வேண்டாம். பத்து நிமிடமாவது விட்டுப் பிறகு கை வையுங்கள். இன்ஜெக்டர் ஒயரில் ஓடுவதும் பேட்டரியின் 12 வோல்ட் அல்ல. இன்ஜெக்டரைத் திறக்க ஈசியு 60 வோல்ட்டுக்கும் மேல் அனுப்பும். ஓடும் எஞ்சினில் கப்ளரைப் பிடுங்காதீர்கள்.

புகையும் சத்தமும்

கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நாசில் சரியாகத் தெளிக்காமல் ஒழுகினாலும் வரும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வரும். வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வந்தால், எரியாத டீசல். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவது; அதற்கு இன்ஜெக்டரைக் குறை சொல்ல முடியாது.

காலை ஸ்டார்ட்டிங் தொல்லைக்கு “குளிர்” என்று ஒரு காரணம் சொல்வார்கள். மார்கழி விடியற்காலையிலும் சென்னையில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் காமன் ரெயில் எஞ்சினுக்கு அது குளிரே இல்லை. ஹீட்டர் பிளக் பலவீனமாக இருந்தாலும் பிடித்துவிடும். அதனால் காலையில் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் ராத்திரி முழுவதும் எங்கோ டீசல் பின்வாங்குகிறது, அல்லது காற்று புகுகிறது, அல்லது செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் அழுத்தம் ஏறவில்லை என்று யோசிக்க ஆரம்பியுங்கள்.

சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள். ஒரே சீராக “டக் டக்” என்று ஒரு சிலிண்டர் மட்டும் சுத்தியல் போல அடித்தால் அங்கே டீசல் தப்பான நேரத்தில் அல்லது தேவைக்கு மேல் விழுகிறது. “சஃப் சஃப்” என்று மூச்சு விடும் சத்தம் இன்ஜெக்டரைச் சுற்றி வந்தால், அதற்கு அடியிலுள்ள காப்பர் வாஷர் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கசிகிறது. அங்கே தார் போலக் கருப்பாகக் கட்டியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இது நல்ல செய்தி, ஏனென்றால் இன்ஜெக்டர் நன்றாகவே இருக்கக்கூடும். எண்ணூர் அசோக் லேலண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், பானெட்டைத் திறந்து அவரை ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். பழகிய காதுக்கு விலை கிடையாது.

அப்புறம் ஆயில் கேஜ். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கேஜை உருவிப் பாருங்கள். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், முகர்ந்தால் டீசல் வாடை வந்தால், எங்கிருந்தோ டீசல் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஒழுகும் இன்ஜெக்டர் அதற்கு முக்கியமான காரணம். பிஎஸ்-6 வண்டியில் புகைக்குழாய் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் முயற்சி பாதியில் திரும்பத் திரும்ப நின்றாலும் இப்படி ஆகலாம். காரணம் எதுவானாலும் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். அளவு ரொம்ப ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் உண்டு. பலமான அடிப்பும் வெள்ளைப் புகையும் சேர்ந்து வந்தாலும் அதே கதைதான், ஒழுகும் டீசல் பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். கட்டி இழுத்துக்கொண்டு போவது மலிவு.

டீசல், ஃபில்டர், காற்று

இப்போது கை அழுக்காகும் வேலை. ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். கலங்கலாக இருந்தாலும், வழக்கத்துக்கு மாறான வாடை வந்தாலும், அடியில் மணல் மாதிரி படிந்தாலும் பிரச்சினை டேங்கிலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் புது இன்ஜெக்டர் போட்டால் அதுவும் கெடும்.

வடசென்னையில் இந்தச் சோதனைக்கு நான் கூடுதல் முக்கியத்துவம் தருவேன். கடற்கரை ஓரம், காற்றில் எப்போதும் ஈரம். பாதி காலியான டேங்கில் ராத்திரியில் அந்த ஈரம் படிந்து சொட்டும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் முழங்கால் அளவு தண்ணீரில் வண்டியை விடுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற வண்டியை செல்ஃப் அடித்தே பார்க்கக் கூடாது. முதலில் டேங்கை வடித்து, ஃபில்டரை மாற்றி, எஞ்சின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகுதான் சாவி. நீங்கள் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி அப்போது எங்கே நின்றது என்று கேட்டுவைப்பதும் நல்லது. சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடும் பழக்கம் இன்ஜெக்டருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி. கேனில் மலிவாகக் கிடைக்கும் டீசலை வாங்காதீர்கள். மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்பு குறையும், டீசலையே மசகாக நம்பி ஓடும் பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துபோகும்.

ஃபில்டர் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், விவாதமே வேண்டாம். மாற்றிய பிறகு ஹேண்ட் பம்பை அமுக்கி ஏர் எடுக்க வேண்டும், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியில் ஹேண்ட் பம்ப் இல்லாவிட்டால் சாவியை ஆன் செய்து டேங்க் பம்பை ஓடவிட வேண்டும். ஏர் எடுக்காமல் செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தால் பம்ப் காய்ந்து ஓடும். காற்று புகுகிறதா என்று சந்தேகம் வந்தால், ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் லைனில் ஒரு துண்டு ஒளி ஊடுருவும் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ ஒரு கிளாம்ப் இளகியிருக்கிறது அல்லது ஹோஸ் வெடித்திருக்கிறது.

காற்றுப் பக்கம் சுருக்கமாகவே போதும்: ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்கள், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு. ஹோஸில் எண்ணெய்க் கசிவுத் தடம் இருக்கும் இடத்தில் அநேகமாக கிழிசல் இருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசையில், எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் ஐட்லிங்கில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிகளில் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடுவது உண்டு. அப்போது கரும்புகையும் மந்தமும் வரும். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள்.

கப்ளரை மறக்காதீர்கள்

காசிமேட்டில் மீன் ஏற்றும் தோஸ்த் ஒன்று, இரண்டு சிலிண்டரில் ஓடுவது போல ஆடிக்கொண்டே வந்தது. ஓட்டி வந்த பையன், “அண்ணே, ரெண்டாவது இன்ஜெக்டர் போயிடுச்சுன்னு ஸ்கேனர்லயே காட்டுது” என்றான். ஈசியுவில் பதிவான கோளாறைப் படிக்கும் அந்தக் கருவி காட்டிய கோட் பி 0202. அந்தக் கோட் இரண்டாவது இன்ஜெக்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் ஒயர், கப்ளர், ஈசியு, இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருள் எல்லாமே அதில் அடக்கம். கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின் பச்சையாக இருந்தது. ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் செய்த வேலை. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைச் சரிசெய்து மாட்டியதும் வண்டி சீரானது.

பி 0201 முதல் பி 0204 வரை எது வந்தாலும் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, முதலில் கப்ளரைப் பாருங்கள். ஒயர் எஞ்சின் மூடியில் உரசுகிறதா, எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்ஜெக்டர் காயிலின் ஓம் அளவை எடுக்கலாம். காந்தச் சுருளால் திறக்கும் சாலினாய்டு இன்ஜெக்டர்களில் அது பெரும்பாலும் 1 ஓமுக்கும் குறைவு. சாதாரண மீட்டர் துல்லியமாகக் காட்டாது. அதனால் எல்லா இன்ஜெக்டரையும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதுதான்.

ஸ்கேனர் சொல்வதைப் படிப்பது

ஸ்கேனரில் கோட் மட்டும் பார்ப்பவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். லைவ் டேட்டாவில் இரண்டு விஷயம் வேண்டும்.

ஒன்று, ரெயில் பிரஷர். ஈசியு கேட்கும் அழுத்தம் எவ்வளவு, உண்மையில் இருக்கும் அழுத்தம் எவ்வளவு என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஐட்லிங்கிலும், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தும், முடிந்தால் லோடோடு ஓட்டியும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 150 முதல் 250 பாருக்குள் ஏதோ ஒரு அளவைத் தொட்டால்தான் ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். தொடாவிட்டால், அல்லது பி 0087 என்று அழுத்தக் குறைவுக் கோட் வந்தால், இன்ஜெக்டர் ஐந்தாறு சந்தேகங்களில் ஒன்று: ஃபில்டர், காற்று, பம்ப், பம்பில் இருக்கும் அளவுக் கட்டுப்பாட்டு வால்வு, ரெயில் வால்வு, கடைசியாக ரிட்டர்னில் அதிகம் விடும் இன்ஜெக்டர்.

இரண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்குமான கரெக்ஷன் அளவு. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் பாருங்கள். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் பிளஸ்ஸில் தூரப் போயிருந்தால் அந்த சிலிண்டர் பலவீனம், ஈசியு கூடுதல் டீசல் கொடுத்துத் தூக்கிவிடப் பார்க்கிறது. மைனஸில் போயிருந்தால் அந்த இன்ஜெக்டர் தேவைக்கு மேல் ஊற்றுகிறது. ஆனால் பிளஸ் காட்டியதும் இன்ஜெக்டர்தான் என்று முடிவுகட்டாதீர்கள். கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் பலம், குறைந்த சிலிண்டருக்கும் அதே பிளஸ்தான் வரும்.

ஸ்கேனரில் சிலிண்டர் கட்-அவுட் வசதி இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தினாலும் எஞ்சின் தடுமாற வேண்டும், எதை நிறுத்தும்போது தடுமாறவில்லையோ அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பழைய வண்டியில் இந்த வசதி இல்லாவிட்டால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது புகை வெளியேறும் கிளைக்குழாயில், ஒவ்வொரு வாயையும் அளவெடுங்கள். சூடேறத் தாமதிக்கும் வாய்தான் நோயாளி.

ரிட்டர்ன் சோதனை

இதற்கு ரெயிலைத் தொட வேண்டியதில்லை. இன்ஜெக்டர் தலையில் இருக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே நீளமுள்ள டியூபை மாட்டி, அளவுக் கோடு போட்ட பாட்டில்களில் விட வேண்டும். கழற்றிவிட்ட பொதுவான ரிட்டர்ன் லைனின் திறந்த முனையை அடைத்துவிடுங்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தி, பாட்டில்களை வரிசையாக வையுங்கள். எல்லாம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு நிரம்பியிருந்தால் அது உள்ளே தேய்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் செல்ஃப் அடித்தே பார்க்கலாம். அப்போது ஒரு பாட்டிலில் டீசல் கொட்டினால், ரெயிலில் அழுத்தம் ஏறாததற்குக் காரணம் அங்கே.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. இது இன்ஜெக்டரின் மேல் பாதியில் நடக்கும் கசிவை மட்டுமே காட்டும். நாசில் நுனி ஒழுகுவதையோ, தெளிப்பு கெட்டிருப்பதையோ காட்டாது. பாட்டில்கள் சமமாக இருந்தும் வெள்ளைப் புகை, அடிப்பு, ஆயில் அளவு ஏறுதல் மூன்றும் இருந்தால் சந்தேகம் நாசில் மேல் நிற்கிறது, இன்ஜெக்டரைக் கழற்றிக் கடையின் சோதனை பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்

சுற்றுப்புறத்தை முதலில் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். மணல் பறக்கும் தெருவோரத்தில் இதைச் செய்ய விடாதீர்கள். திறந்த ஒவ்வொரு வாயையும் உடனே மூடி போட்டு அடைக்க வேண்டும். இன்ஜெக்டர் இறுகியிருந்தால் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும்; கடப்பாரை போட்டு நெம்பினால் ஹெட்டும் போகும். எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்துவையுங்கள்.

கரெக்ஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் மோசமாக இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் கோட் எண்ணையும் ஸ்கேனர் வழியாக ஈசியுவில் இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். கோளாறு இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டர். பழைய இடத்திலேயே நின்றால் கம்ப்ரஷன், வால்வு அல்லது ஒயர்.

டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் பெஞ்சில் போடும்போது ரிப்போர்ட்டைக் காகிதத்தில் கேளுங்கள். ஐட்லிங், முழு லோடு, முதலில் விழும் சிறு தெளிப்பு, ரிட்டர்ன் என்று ஒவ்வொரு நிலைக்கும் அளவும், இருக்க வேண்டிய வரம்பும் அதில் இருக்கும். “நாலும் போச்சு” என்ற வாய்வார்த்தைக்குப் பணம் கட்டாதீர்கள். கரி மட்டும் பிடித்திருந்தால் அல்ட்ராசோனிக் சுத்தம் போதுமானதாக இருக்கலாம், உள்ளே தேய்ந்ததைச் சுத்தம் செய்து மீட்க முடியாது. மாற்றினால் பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது உட்காரும் குழியில் ஒரு துளி கரிகூட இருக்கக் கூடாது. காப்பர் வாஷர் புதிதுதான். பழையதைக் காய்ச்சிப் போடலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளாம்ப் போல்ட்டை முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால், கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் உயரழுத்த பைப்பையும் திறந்தால் புதிதாகவே போடச் சொல்கிறார்கள். அடுத்து, புது இன்ஜெக்டரின் மேல் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த கோடை ஸ்கேனர் வழியாக ஈசியுவில் ஏற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு, “ஓட ஓட சரியாயிடும்” என்று வண்டியைக் கையில் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. கோட் ஏற்றும் வகை இன்ஜெக்டரில் அது தானாகச் சரியாகாது. கோடை உங்கள் போனில் படம் எடுத்துவைத்து, ஸ்கேனர் திரையில் அதே கோட் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று ஒப்பிடுங்கள்.

ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் அட்டையைக் காட்டிக் கசிவு பாருங்கள். முதல் நாள் லோடில்லாமல் மாதவரம் ரவுண்டானா வரை ஒரு சுற்றுப் போய்வந்து, எஞ்சின் சூட்டோடு கரெக்ஷன் அளவுகளை மறுபடி எடுத்துப் பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஆயிலில் டீசல் கலந்திருந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் அன்றே மாற வேண்டும். மறுநாள் காலை, ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது எத்தனை விநாடியில் பிடிக்கிறது என்று கவனித்த பிறகு பட்டறைக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.